கால தூக்கிப் பாத்துட்டு அப்புறம் பைன்ட் ஏத்துங்க

பிபி 85ன்னு மிஸி (நர்ஸ்) கூப்பிட்டதும் நம்ம வாயில மொதல்ல வர்றது "ஒரு பைன்ட் ஓட விடுங்க"தான், அதாவது ஒரு பாட்டில் ட்ரிப். ஆனா ஐசியுவுல இப்படி பிபி எறங்குனவங்கள்ல சுமாரா பாதிப் பேருக்குத்தான் தண்ணி ஏத்துனா ஹார்ட் கூடுதலா பம்ப் பண்ணும், மத்தவங்களுக்கு அது நுரையீரல்ல போய் நிக்கும். நம்ம கேஎல்ல (கோலாலம்பூர்ல) டிங்கி காய்ச்சல் கேஸ் பாத்தவங்களுக்கு இது தெரியும், ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசியிற 24-48 மணி நேரம் தாண்டுனதும் வெளிய போன நீர் தானா ரத்தத்துக்குத் திரும்பும், அப்பவும் ட்ரிப்ப நிறுத்தாம ஓட்டுனா மூச்சு வாங்கும்.

யாருக்கு தண்ணி வேலை செய்யும்னு முன்னாடியே பாக்கத்தான் இந்த கால் தூக்குற டெஸ்ட், இதுல ஒரு சொட்டு கூட ஏத்த வேணாம். கால்லயும் வயித்துலயும் தேங்கிக் கெடக்குற ரத்தம் சுமார் 300 மில்லி ஹார்ட்டுக்கு வரும், பழையபடி உக்கார வச்சா திரும்பிப் போயிரும்.

மொதல்ல பேஷண்ட 45 டிகிரி சாய்ச்சு உக்கார வைங்க. மல்லாக்க படுக்க வச்சு ஆரம்பிச்சா வயித்து ரத்தம் கணக்குலயே வராது, இதத்தான் நிறைய பேரு தப்பா செய்றாங்க. அந்த நிலையில எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) வச்சு விடிஐ, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் ஹார்ட் எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு காட்டுற அளவு, எடுத்து எழுதிக்குங்க. அப்புறம் பட்டன அமுக்கி மொத்த கட்டிலயும் சாய்ங்க, உடம்பு மட்டமாகும், காலு 45 டிகிரி மேல போகும். கையால காலப் புடிச்சுத் தூக்காதீங்க.

ஏன்னா ஹவுஸ்மேனா (பயிற்சி டாக்டரா) இருந்தப்ப நான் அப்படித்தான் தூக்குனேன், மூட்டு வலிக்காரப் பாட்டி, "ஐயோ விடுய்யா"ன்னு கத்துனாங்க, பிபி எகிறுச்சு, நான் சந்தோசமா ஒரு பைன்ட் ஏத்துனேன், ராத்திரி 2 மணிக்கு பாட்டிக்கு நெஞ்சு கரகரன்னு, தண்ணிய மூத்திரமா வெளியேத்துற லேசிக்ஸ் மருந்து போட வேண்டியதாச்சு. எகிறுனது வலியில, ரத்தத்தால இல்ல. இருமல், சளி இருந்தாலும் இதே கதைதான், மொதல்ல சக்ஷன் பண்ணி சளிய உறிஞ்சி எடுத்துருங்க. பிபிய மட்டும் நம்பவும் வேணாம், ஹார்ட் எவ்வளவு தள்ளுதுன்னுதான் பாக்கணும்.

தூக்குன ஒரு நிமிசத்துக்குள்ள திரும்ப விடிஐ எடுங்க, லேட்டானா எஃபெக்ட் கொறஞ்சிரும். 16 இருந்தது 18.5 ஆச்சுன்னா 15 சதவீதத்துக்கு மேல ஏறிருக்கு, 10 சதவீதத்துக்கு மேலன்னா பாஸ், அதாவது தண்ணி ஏத்துனா ஹார்ட் கூடுதலா தள்ளும். அப்புறம் பழையபடி உக்கார வச்சு இன்னொரு தடவ எடுங்க, 16க்கே வரணும், வரலன்னா நடுவுல வேற எதோ மாறியிருக்கு, அந்த ரிசல்ட்ட தூக்கிப் போடுங்க.

தலையில அடிபட்டு மூளையில பிரஷர் ஏறுனவங்களுக்கு இத செய்யாதீங்க, இடுப்பு கால் எலும்பு முறிவுக்கும் வேணாம். வயிறு கல்லு மாதிரி உப்பி டைட்டா இருந்தா, பாஸ் ஆக வேண்டியவங்களையும் பாஸ் இல்லன்னு தப்பா காட்டலாம். தானா மூச்சு விடுறவங்களுக்கும், ஏஎஃப் (ஹார்ட் தாறுமாறா துடிக்கிறது) இருக்கவங்களுக்கும் தாராளமா செய்யலாம், என்ன, ஏஎஃப்ல நாலஞ்சு பீட் ஆவரேஜ் எடுக்கணும்.

பாஸ் ஆனா உடனே ஏத்தணும்னு சட்டம் இல்ல, ஆரோக்கியமான ஆளு உங்களுக்கும் எனக்கும் கூட பாஸ்தான் ஆகும். பிபி எறங்கி, மூத்திரம் கொறஞ்சு, கை கால் சில்லுன்னு இருந்து, பாஸும் ஆனா கொஞ்சமா ஏத்திட்டு மறுபடி தூக்கிப் பாருங்க. ஏறலயா, பைன்ட ஸ்டாண்ட்லயே தொங்க விட்டுட்டு எம்ஓகிட்ட (மெடிக்கல் ஆபீசர்கிட்ட) நோரட், அதாவது பிபிய ஏத்துற நோரட்ரினலின் மருந்து பத்தி பேசுங்க.