காக்கர் ஸ்பானியல் நாயின் எடை சரியா? கை சொல்லிவிடும்

காக்கர் ஸ்பானியலைக் குளிப்பாட்டும்போது, ஈர உடம்பில் விலாவை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். விரித்த புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுமே, அப்படி இருந்தால் எடை சரி. மடக்கிய விரல் முட்டிபோல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது.

இந்த இனத்தின் அடர்ந்த முடி இடுப்பை மறைத்துவிடுவதால் கண்ணை நம்ப முடியாது. இங்கிலீஷ் காக்கருக்குச் சுமார் 12.5 முதல் 14.5 கிலோ என்பார்கள். சிறிய உடற்கட்டு என்றால் அதுவே அதிகம்.

வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் இது பொருந்தாது. தீனி கூடாமலே எடை ஏறினால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். பட்டினி போடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.