அசையாத முகம், அசையும் வாய்: கிளட்ச் கார்கோ பாணியில் ஒரு வீட்டுக் கார்ட்டூன்

முறையாக வரைந்து அசைக்கும் கார்ட்டூனுக்கு நொடிக்கு 12 படம் என்று வைத்தால், ஐந்து நிமிடத்துக்கு 3,600 படம் வரும். நானும் அக்கா பையனும் இன்றைக்கு உட்கார்ந்தால் அவன் காலேஜ் முடிக்கிற சமயம் முதல் பாகம் முடியும்.

அமெரிக்காவில் கேம்ப்ரியா என்ற சின்ன கம்பெனி இந்தக் கணக்கைத் தாண்ட ஒரு குறுக்குவழி பிடித்தது. 1959இல் டிவிக்கு வந்த அவர்களுடைய ‘கிளட்ச் கார்கோ’ என்ற கார்ட்டூன் தொடரில் படம் அநேகமாக அசையாது. வெள்ளை முடியும் சதுரத் தாடையுமாக ஒரு விமானி, ஸ்பின்னர் என்ற சிறுவன், பேடில்ஃபுட் என்ற குட்டைக்கால் நாய். எல்லாரும் சிலை மாதிரி நிற்பார்கள், வாய் மட்டும் பேசும். அதுவும் வரைந்த வாய் இல்லை, நிஜ மனிதனின் உதடும் பல்லும். எட்வின் ஜிலெட் என்ற டிவி கேமராக்காரரின் உத்தி அது, பெயர் சிங்க்ரோ-வாக்ஸ். விளம்பரங்களில் மிருகங்களைப் பேசவைக்கப் பிறந்தது, கார்ட்டூனுக்கு வந்து சேர்ந்தது. டிஸ்னி 2,50,000 டாலரில் செய்வதைத் தாங்கள் 18,000 டாலரில் முடிப்பதாகத் தொடரை உருவாக்கிய கிளார்க் ஹாஸ் சொல்லியிருக்கிறார்.

முதல்தடவை பார்ப்பவர்களுக்கு அந்த வாய் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். நான் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்பவன். என் கண்ணுக்கு அந்தப் பயத்துக்குக் காரணம் இரண்டு: உதடு அசையும்போது தாடை அசைவதில்லை, உதட்டின் மேல் விழும் வெளிச்சம் ஓவியத்தில் இல்லை. இரண்டையும் இன்றைக்கு ஒரு போனை வைத்தே பெருமளவு சரிசெய்யலாம்.

முதலில் கதை. ஓடுவது, சண்டை, நடனம் எதுவும் வேண்டாம். விமானத்துக்குள், படகில், டெலிபோனில், வயர்லெஸ்ஸில் பேசுகிற மாதிரி எழுதுங்கள். ஆள் உட்கார்ந்தே இருக்க ஒரு நியாயம் கிடைத்துவிடும். குதிக்க வேண்டிய இடம் வந்தால் குதிப்பதைக் காட்டாதீர்கள், பக்கத்தில் நிற்பவன் முகத்தைக் காட்டி, “ஐயோ, குதிச்சிட்டான்!” என்று சொல்லவையுங்கள்.

படம் வரையக் கெட்டியான தாள் வேண்டும், ஒல்லித் தாள் வளைந்து நிழல் விழும். முகத்தைப் பெரிதாக வரையுங்கள், அரைத் தாளாவது இருக்கட்டும். மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் கோடு, நிழல், மீசை எதுவும் வேண்டாம். ஒரே சருமநிறம் தட்டையாக இருக்கட்டும். வாய் இல்லாத அந்த முகத்தை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் மூடிய வாயை வரைந்து இன்னொரு போட்டோ. இந்த வரிசை மாறினால் முகத்தையே மறுபடி வரைய வேண்டும். பேசும்போது முதல் போட்டோ, சும்மா இருக்கும்போது இரண்டாவது. தாடியும் கழுத்தைச் சுற்றிய மஃப்ளரும் நல்ல நண்பர்கள், அசையாத தாடையை மறைத்துவிடும். ஒரு பாத்திரத்துக்காவது தாடி வையுங்கள்.

போட்டோவை மேலிருந்து நேராக எடுக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் போதும். லைட் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கேமராவை மேனுவலில் வைத்து ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி ஆக்குங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு அளவுகளில் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும்.

இனி உதடு. உழைப்பு முழுவதையும் இங்கேதான் போட வேண்டும். மற்றது எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். பேசுகிறவர் தலை துளியும் அசையக்கூடாது. நாற்காலியில் உட்கார்த்தினால் எப்படியும் தலையாட்டுவார். தரையில் தலையணை போட்டு மல்லாக்கப் படுக்கவையுங்கள், போனை ட்ரைபாடில் மேலே நேர் குத்தாகப் பொருத்துங்கள். போன் கழன்று மூஞ்சியில் விழாதபடி நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூக்கு நுனிக்குக் கீழிருந்து தாடை வரை ஃபிரேமில் இருந்தால் போதும். வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக வரட்டும், கீழுதட்டுக்கு அடியில் கறுப்பு நிழல் விழக்கூடாது. ஆண்கள் மழமழவென்று சவரம் செய்துவிட்டு, உதட்டைச் சுற்றி பவுடர், உதட்டில் லேசாக லிப்ஸ்டிக் போட்டுக்கொள்ளவும். வெட்கப்பட்டால் கார்ட்டூன் வராது. ஓவியத்தில் முகம் லேசாகத் திரும்பியிருந்தால் பேசுகிறவரும் அதே அளவு திரும்பிப் படுக்க வேண்டும்.

குரலையும் உதட்டையும் ஒன்றாகவே பதிவுசெய்தால் வேலை மிச்சம். தனியாக டப்பிங் செய்கிறீர்களா? அப்படியென்றால் ப, ம வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு இரண்டு உதடும் ஒட்டியாக வேண்டும்; “அம்மா” என்று காது கேட்கையில் வாய் திறந்திருந்தால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். க, த, ல எல்லாம் வாய்க்குள்ளேயே நடப்பதால் ஓரிரு ஃபிரேம் தள்ளிப்போனாலும் தெரியாது.

ஒட்டுவதற்குக் கைன்மாஸ்டர் மாதிரி, படத்தின் மேல் படம் அடுக்கும் லேயர் வசதியுள்ள எந்த வீடியோ எடிட்டிங் செயலியும் போதும். ஓவியத்தைக் கீழே வைத்து, உதட்டு வீடியோவை மேல் லேயரில் போடுங்கள். உதடு மட்டும் தெரியும்படி முட்டை வடிவ மாஸ்க் வெட்டி, ஓரத்துக்கு நிறைய ஃபெதர் கொடுத்துக் கரையவிடுங்கள். உதட்டின் அகலம் இரண்டு கண்மணிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது, கொஞ்சம் குறைவாக இருப்பதே அழகு. வீடியோவின் சருமநிறத்தை ஓவியத்தின் நிறத்துக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். வண்ணத்தின் அழுத்தத்தைக் குறைத்தாலே பாதி ஒத்துப்போகும். ஒரே முகத்தை நீளமாகக் காட்டாமல் நாலைந்து நொடிக்கு ஒருமுறை ஷாட்டை மாற்றுங்கள். கேட்பவர் முகம், ஜன்னல், நாய், எதுவானாலும் சரி.

அசைவு ஒன்றுமே இல்லாமல் முடியாதே என்றால், வரையாமல் அசைக்கலாம். கேம்ப்ரியாக்காரர்கள் வெட்டிய படத்தையே கேமரா முன்னால் நகர்த்தினார்கள், கேமராவை ஆட்டினார்கள், புகை வேண்டிய இடத்தில் நிஜப் புகையைக் காட்டினார்கள். நீங்களும் விமானத்தை அட்டையில் வெட்டி, பின்னால் மெல்லிய கம்பி ஒட்டி, வானம் வரைந்த சார்ட்டின் மேல் இழுங்கள். புகைக்கு ஊதுபத்தி. கறுப்புத் துணியின் முன்னால் ஏற்றி, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். அந்த வீடியோவை மேல் லேயரில் வைத்து, செயலியில் லேயர்களைக் கலக்கும் ‘ஸ்கிரீன்’ பிளெண்டில் போட்டால் கறுப்பு மறைந்து புகை மட்டும் படத்தின் மேல் நிற்கும். எரிமலை, எஞ்சின் கோளாறு, பேய் பங்களா எல்லாவற்றுக்கும் அதே ஊதுபத்திதான்.

இசையைக் கடைசியில் நினைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கிளட்ச் கார்கோவுக்கு இசை பால் ஹார்ன் என்ற ஜாஸ் புல்லாங்குழல்காரர்; குழல், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன், கையால் தட்டும் போங்கோ மேளம் என்று சின்னக் கூட்டம்தான். படம் நிற்கிற இடத்தில் தாளம் ஓடும், பார்ப்பவர் எதுவோ நடக்கிறது என்று நம்பிவிடுவார். உங்களுக்கு ஒரு கஞ்சிராவும் குழலும் கிடைத்தால் அதே வேலையைச் செய்யும்.

குரலுக்கு ஆள் பஞ்சம் என்று தயங்க வேண்டாம். ஸ்பின்னருக்கும் நாய்க்கும் சேர்த்துக் குரல் கொடுத்தவர் மார்கரெட் கெர்ரி என்ற ஒரே நடிகைதான். டிஸ்னியின் ‘பீட்டர் பான்’ படத்தில் டிங்கர் பெல்லை வரைய மாதிரியாக நடித்துக்காட்டியவரும் அவரே. பையன் குரலை அத்தை பேசலாம். உதடு யாருடையது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நீளத்துக்கும் அவர்கள் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 52 கதைகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடப் பாகங்கள் ஐந்து. திங்கள் முதல் வியாழன் வரை ஆபத்தில் தொங்கவிட்டு, வெள்ளியன்று முடிச்சை அவிழ்ப்பார்கள். டிவி நிலையம் விரும்பினால் ஐந்தையும் சேர்த்து அரைமணி நிகழ்ச்சியாகவும் போடலாம். நீங்கள் பாகத்துக்கு ஒரு நிமிடம் என்று தொடங்குங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் தினம் ஒன்றாகப் போட்டுவிட்டு, ஐந்தாவதை எடிட் செய்து முடிக்கும்வரை முடிவை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்.