படகுப் பாதுகாப்பு வகுப்பு நடத்துவது எப்படி? (நான் தண்ணீரில் தத்தளித்துக் கற்றது)

எங்கள் போட் கிளப்பின் முதல் பாதுகாப்பு வகுப்பு என் பொறுப்பில் வந்தது. இரண்டு மணி நேரம் திரையில் படம் காட்டினேன். விளக்குகளின் நிறம், விசில் குறிகள், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முடிவில் ஒரு பெண் கேட்டார்: “விழுந்துவிட்டால் படகில் எப்படி ஏறுவது?” “இதோ பாருங்கள்” என்று லைஃப் ஜாக்கெட்டோடு குதித்தேன்.

ஏற முடியவில்லை. நான்கு முறை முயன்றேன். கடைசியில் இரண்டு பேர் என் தோளைப் பிடித்து, வலையில் சிக்கிய பெரிய மீனைப் போல உள்ளே இழுத்துப் போட்டார்கள். அன்று வந்தவர்களுக்கு என் இரண்டு மணி நேரப் பேச்சில் ஒரு வரியும் நினைவில்லை. நான் தொங்கிக்கொண்டிருந்த காட்சி மட்டும் ஒருவருக்கும் மறக்கவில்லை.

அடுத்த வகுப்பில் படங்களைத் தூக்கிப் போட்டேன். இப்போது நாங்கள் நடத்தும் முறை இதுதான். படகும் துடுப்பும் உங்களுக்குப் பழக்கம், வகுப்பு நடத்துவதுதான் புதிது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஆளும் இடமும்

ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர் போதும். கரையோரம், ஓட்டமில்லாத நீர், எஞ்சின் இல்லாத சிறு படகு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நீரில் இறங்க வேண்டும். அவரை மட்டும் பார்த்துக்கொண்டு கரையில் ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் தரக்கூடாது.

நீச்சல் தெரியுமா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். கூட்டத்தில் கேட்டால் கூச்சத்தில் எல்லாக் கைகளும் உயரும். தனித்தனியே கேளுங்கள்.

படி 2: ஜாக்கெட்டை இறுக்குவது

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும்: படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. ‘தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம்’ என்பவரிடம் நான் வாதம் செய்வதில்லை. ஜாக்கெட்டைக் கையில் கொடுத்து நீரில் இறக்கி, மிதந்தபடியே அணியச் சொல்வேன். பாதி கை நுழைவதற்குள் அவரே ஒப்புக்கொள்வார்.

ஜாக்கெட்டின் உட்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்; அது ஜாக்கெட்டின் மிதக்கவைக்கும் விசை. 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவைத் துணை மட்டுமே. மயங்கியவரை அது மல்லாத்தாது. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பும் வேலைக்கு 150 நியூட்டன் வேண்டும்.

அணிந்த பின் சோதனை: இன்னொருவர் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுக்க வேண்டும். ஜாக்கெட் காதைத் தொட்டால் தளர்வு. வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். சிறுவர்களுக்குத் தொடைகளுக்கிடையே போகும் வார் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், குழந்தை கீழே நழுவும்.

காற்றடைத்து உப்பும் வகையைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லியது, அழகானது, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் வாயுக் குப்பி காலியா, சரியாகத் திருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கே இல்லை. நுரை அடைத்த பழைய தடிமன் ஜாக்கெட் கேள்வி கேட்காமல் மிதக்கும்.

படி 3: முதல் ஒரு நிமிடம்

குளிர்ந்த நீரில் விழுந்ததும் மூச்சு தானாகவே வாரி இழுக்கும். நம் கட்டுப்பாட்டில் இராது. அப்போது நீந்த முயன்றால் தண்ணீர்தான் உள்ளே போகும். ஏறத்தாழ ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் மிதந்தால் மூச்சு அடங்கும். மிகக் குளிர்ந்த நீரில் அதன் பிறகு கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் அளவுக்குத்தான். ஏறுவது, விசிலடிப்பது எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் சும்மா மிதக்க விடுகிறோம். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரியும்.

படகு கவிழ்ந்தால் அதை விட்டுக் கரைக்கு நீந்தக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும். தேடி வருபவர் கண்ணுக்கு ஒற்றைத் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும்.

படி 4: மறுபடி ஏறுவது

என்னைக் கவிழ்த்த படி இது. நிதானமாகப் படியுங்கள்.

நான் செய்த முதல் தவறு, பக்கவாட்டில் ஏற முயன்றது. படகு என் பக்கம் சாய்ந்தது. இன்னொருவரையும் நீரில் தள்ளியிருப்பேன். சிறு படகில் பின்பக்கமாக ஏறுங்கள். உள்ளே இருப்பவர் முன்பக்கம் போய்த் தாழ்வாக உட்கார்ந்து எடையைச் சமன்செய்ய வேண்டும்.

இரண்டாவது தவறு, நீரில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு கைவலிமையால் உடலைத் தூக்க முயன்றது. நனைந்த உடையோடு அது பயில்வானுக்கும் கடினம். விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பின்னால் உதைத்து, உடலை நீர்மட்டத்துக்குப் படுக்கையாகக் கொண்டு வாருங்கள். பிறகு ஒரே உதை, ஒரே இழுப்பு: மார்பு விளிம்பைத் தாண்டி உள்ளே விழ வேண்டும். அழகு பார்க்க வேண்டாம். வயிற்றால் வழுக்கி, புரண்டு உள்ளே போய்விடுங்கள்.

மூன்றாவது சிக்கல் ஜாக்கெட்டே. அதன் முன்புடைப்பு விளிம்பில் முட்டி நிற்கும். அதனால்தான் உதை வலுவாக இருக்க வேண்டும். இதற்காக ஜாக்கெட்டைக் கழற்றலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டவே வேண்டாம்.

கைவலிமை குறைந்தவர்களுக்குக் கால்வைக்கும் கயிற்றுக் கண்ணி உதவும். முதலில் நான் கட்டிய கண்ணி நீளமாக இருந்தது. காலை வைத்து அழுத்தியதும் கால் படகுக்கு அடியில் போய்விட்டது, உடல் மல்லாந்தது. கண்ணியை நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டடிக்குள் இருக்கும்படி சுருக்கினேன், முழங்காலைப் படகில் முட்டுக்கொடுத்தேன், சரியாயிற்று. கண்ணியின் அடிப்பகுதிக் கயிற்றைத் தோட்டத்துக் குழாயின் ஒரு துண்டுக்குள் நுழைத்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளாது, காலையும் அறுக்காது. மடக்கும் ஏணி வாங்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் கயிறு எல்லாப் படகிலும் இருக்கிறது.

விழுந்தவர் களைத்திருந்தால் உள்ளே இருப்பவர் தூக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நழுவும். ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடியுங்கள். “ஒன்று, இரண்டு” என்று எண்ணி அவரை லேசாக நீரில் அமுக்கி, “மூன்று” என்றதும் அவர் எழும்பி வரும் வேகத்தோடு சேர்த்து இழுங்கள். இரண்டாம் படியில் வாரை இறுக்காதவர் இங்கே மாட்டிக்கொள்வார்: ஜாக்கெட் மட்டும் கையோடு வரும்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒரு குழுவினர், “எல்லோரும் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டார்களே” என்று எழுதினார்கள். விசாரித்ததில், இடுப்பளவு நீரில் தரையை உதைத்து ஏறியிருக்கிறார்கள். பழக்கத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்யலாம். பிறகு கால் எட்டாத ஆழத்தில் ஒருமுறையாவது செய்தாக வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: எஞ்சின் படகில் பயிலும்போது நியூட்ரலில் வைத்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. ஏறும் இடமும் சுழலியும் (புரொப்பெல்லர்) ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அணைத்துவிட்டுச் சாவியையும் உருவிக்கொள்ளுங்கள். ஓட்டும்போது, எஞ்சினை அணைக்கும் சுருள் கயிற்றை ஓட்டுநர் தன் உடலில் மாட்டியே இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று கரையிலேயே ஒருமுறை உருவிப் பாருங்கள்.

படி 5: கயிறு எறிவது

கனமான உயிர்காப்பு வளையத்தைவிட, பையில் அடைத்த 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறுதான் என் விருப்பம். வளையம் தலையில் பட்டால் காயம். முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நம்மைப் பார்த்த பிறகு எறியுங்கள். கையைக் கீழிருந்து வீசி, அவர் தோளுக்கு அப்பால் பை விழும்படி எறிந்தால் கயிறு அவர் மேலேயே கிடக்கும். மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இழுக்கும்போது உட்கார்ந்துவிடுங்கள்.

யாரும் முதல் எறியில் சரியாகப் போடுவதில்லை. ஆளுக்கு ஐந்து முறை.

படி 6: விசில்

உள்ளே உருண்டை இல்லாத விசில் வாங்குங்கள், நனைந்தாலும் ஒலிக்கும். சர்வதேசக் கடல் போக்குவரத்து விதிகளில் பல ஒலிக்குறிகள் உண்டு. புதியவருக்கு ஒன்று போதும்: ஐந்து குறுகிய ஒலிகள், ‘நீங்கள் செய்யப்போவது எனக்குப் புரியவில்லை’ என்ற எச்சரிக்கை. உதவி கேட்கக் கைகள் போதும்: இரண்டையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைப்பது. ஒரு கையை மட்டும் ஆட்டினால் நலம் விசாரிப்பதாக நினைத்து எதிர்ப்படகுக்காரரும் கையசைத்துவிட்டுப் போவார்.

படி 7: கரையில் ஒரு சீட்டு

யார் யார், எந்தப் படகு, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எத்தனை மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என எழுதி, கரையில் இருப்பவரிடம் கொடுங்கள். எங்கள் வகுப்பில் பயின்ற ஒருவர் இதை ஒழுங்காகச் செய்தார். குறித்த நேரத்துக்கு முன்பே திரும்பினார். நேரே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். சீட்டு வைத்திருந்தவர் இரவு ஒன்பது மணிக்கு எங்களை எல்லாம் எழுப்பி, டார்ச்சோடு படகுத்துறைக்கு வரவழைத்தார். படகு அங்கேயே கட்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் சீட்டின் கடைசி வரி பெரிய எழுத்தில் இருக்கிறது: ‘திரும்பியதும் தொலைபேசியில் சொல்லவும்.’