சம்பங்கி பூக்காமல் போவது ஏன்?

மாடித்தோட்டத்தில் சம்பங்கி வளர்க்கும் பலரும் சொல்லும் குறை ஒன்றே: இலைகள் அடர்ந்து நிற்கின்றன, பூந்தண்டு மட்டும் எழும்புவதில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த இச்செடி சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் வயல் வயலாகப் பூக்கும்போது, தொட்டியில் பூக்க மறுப்பதற்குத் தட்பவெப்பத்தைக் குறை சொல்ல முடியாது.

முதல் தவறு கிழங்கை வாங்கும்போதே நேர்ந்துவிடுகிறது. மிகச் சிறிய கிழங்குகள் முதல் பருவம் முழுவதையும் தம்மைப் பெருக்கிக்கொள்வதிலேயே கழித்துவிடும். அழுத்தினால் அமுங்காத, அடிப்பகுதி கெட்டியான கிழங்கையே எடுக்க வேண்டும். புதிதாகத் தோண்டியதாயின் ஏறத்தாழ ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு நடுவது நல்லது.

பூத்து முடிந்த கிழங்கு மறுபடியும் பூக்கும் என எதிர்பார்ப்பது இதைவிடப் பெரிய தவறு. ஒரு தாய்க்கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்து வரும் பூக்கள் அதைச் சுற்றிப் பிறக்கும் பக்கக்கிழங்குகளுக்கு உரியவை. அவற்றுக்கு உணவு தயாரிப்பவை இலைகளே என்பதால், வாடிய பூந்தண்டை மட்டும் வெட்டாமல், அழகுக்காகப் பச்சை இலைகளையும் சேர்த்து ஒட்ட நறுக்குவோர் அடுத்த பூவைத் தாமே இழக்கின்றனர். பக்கக்கிழங்குகள் பெருகித் தொட்டியின் ஓரம்வரை நெருக்கியடித்து நிற்கும்போதும் பூ குறையும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து, பருத்தவற்றை மட்டும் தொட்டியில் நட்டு, சிறியவற்றைத் தனியே ஒரு பையில் வளரவிடலாம்.

தண்ணீர் விடுவதில் காட்டும் தாராளம் கிழங்கை அழுக வைக்கும். நட்டவுடன் ஒருமுறை நீர் விட்டபின், முளை வெளியே தெரியும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் மழைக்காலத்தில் நீர் தேங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. அக்காலத்தில் தட்டை எடுத்துவிடுவதே சரி. ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படாத இடமும், யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவதும் இலையைத்தான் வளர்க்கும்.

தக்காளி, கத்தரி, வெண்டை வளர்த்த பழைய மண்ணை அப்படியே பயன்படுத்தினால் வேர்முடிச்சு நூற்புழுவும் உடன் வந்துவிடலாம். செடி காரணமின்றிக் குறுகி மஞ்சளித்தால் ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும்; மணி கோத்ததுபோல் முடிச்சுகள் இருந்தால் அந்த மண்ணை அகற்றிவிடுவது நல்லது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஷ்ரிங்கார் இரகம் இப்புழுவை ஓரளவு தாங்கும். அது ஓரடுக்குப் பூவாதலால் தொடுப்பதற்கும் ஏற்றது. மணத்துக்காக வளர்ப்போர், ஓரடுக்குப் பூவைவிட வாசம் குறைந்த அடுக்குச் சம்பங்கியைத் (பல அடுக்கு இதழ்கள் கொண்டது) தேர்ந்தெடுத்துவிட்டு வாசம் போதவில்லை என்று வருந்துவதுண்டு.

இந்தக் கிழங்கு உறைபனியைத் தாங்காது. ஆகவே உதகமண்டலம் போன்ற இடங்களில் தொட்டியைக் குளிர்காலத்தில் வெளியிலேயே விட்டுவிடாமல், இலைகள் மஞ்சளானதும் நீரை நிறுத்தி, கிழங்கைத் தோண்டி உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வீட்டுக்குள் வைக்க வேண்டும்.