மூடியில் பதித்த காசை நம்பாதீர்கள்

ஸ்காண்டிநேவிய வெள்ளிக் குவளைகளை அருங்காட்சியகப் பதிவேட்டில் பதிவுசெய்ய வரும் புதியவர்களிடம், கையுறை போடு, மூடியைப் பிடித்துத் தூக்காதே என்றெல்லாம் நான் சொல்வதில்லை. அதை முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் யார் வந்தாலும் தவறாமல் செய்கிற வேறு சில பிழைகள் உண்டு. அதில் ஒன்று எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது.

காசின் ஆண்டையே குவளையின் ஆண்டாக எழுதுவது

17, 18ஆம் நூற்றாண்டுகளின் டென்மார்க், நார்வே, சுவீடன் பீர்க் குவளைகளில் பல ஒரே ஜாடையில் இருக்கும். உருளை உடல், உருண்டைக் கால்கள், கட்டைவிரலால் அழுத்தித் திறக்கும் மூடி. மூடியின் நடுவில் பல நேரம் ஒரு வெள்ளிக் காசோ பதக்கமோ பதித்திருக்கும். ஆண்டும் பளிச்சென்று தெரியும். உடனே பேனாவை எடுத்துவிடுவார்கள்.

தாத்தா பெட்டியில் போட்டுவைத்த காசைப் பேரன் பொற்கொல்லரிடம் கொடுத்துப் பதிக்கச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் குவளை காசைவிட இளையது. பழைய குவளையில் பிற்பாடு யாரோ காசைச் செருகியிருந்தால் குவளைதான் மூத்தது. மூடியே வேறொரு குவளையுடையதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓர் அருங்காட்சியகத்தில் காசின் ஆண்டு பதிவேட்டில் ஏறி, அங்கிருந்து காட்சி அட்டைக்கும், அச்சிட்ட விவரப் புத்தகத்துக்கும், வெளியூர்க் கண்காட்சிக்கான காப்பீட்டு மதிப்புக்கும் போய்விட்டது. பிறகுதான் ஒருவர் அடியைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். மூன்று கோபுரம் பொறித்த கோபன்ஹேகன் முத்திரை, அதன் கீழே தெளிவாக ஆண்டு. காசுக்கும் அதற்கும் ஒரு தலைமுறை இடைவெளி! மதிப்பீடு, காப்பீடு, அச்சு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. அடியைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதனால்தான் எரிச்சல்.

கோபன்ஹேகன் வெள்ளியில் 1685 ஆணைக்குப் பிறகு நகர முத்திரையோடு வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரியின் முத்திரை, செய்தவரின் முத்திரை, மாதத்தைக் காட்டும் ராசிச் சின்னம் என நான்கு இருக்க வேண்டும். இங்கே நம் பஞ்சாங்கத்தைக் கொண்டுவராதீர்கள். நமக்கு மேஷம் ஏப்ரல் நடுவில். அவர்களுக்கு மார்ச் 21 வாக்கிலேயே தொடங்கிவிடும். சுவீடனில் செய்த ஆண்டைக் காட்ட, ஆண்டுக்கு ஓர் எழுத்து பொறிப்பார்கள். ஸ்டாக்ஹோமில் 1689 முதல், நாடு முழுக்க 1759 முதல்.

முத்திரை தேய்ந்திருந்தால் மூடியைத் திறந்து காசின் விளிம்பைப் பாருங்கள். பற்றவைத்த தடம் சுற்றியுள்ள வெள்ளியோடு ஒரே நிறமா, மூடியிலும் உடலிலும் ஒரே பொற்கொல்லரின் முத்திரையா என்று ஒப்பிடுங்கள். அப்படியும் தெரியவில்லையா? நூற்றாண்டை மட்டும் எழுதுங்கள்.

உள்ளே இருக்கும் ஆணிகளைப் 'பழுது' என்று குறிப்பது

மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இருந்தால் அவை அளவு முளைகள். குவளை கைமாறும்போது ஒருவர் ஒரு முளை அளவு குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்.

கறுப்பெல்லாம் அழுக்கு என்று நினைப்பது

செதுக்கலின் பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் கோலத்தை எடுத்துக் காட்டுகிறது. ரசாயனக் கரைசலில் முக்கினால் அதுவும் போய்விடும், வெள்ளி உயிரில்லாமல் வெளிறி நிற்கும். விளிம்பில் பொன்முலாம் இருந்தால் துணியால் அழுத்தித் தேய்க்கவே கூடாது. தேய்ந்த முலாம் திரும்பி வராது.

கம்பளி, ரப்பர் பக்கத்தில் வைப்பது

கூடாது. அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

கிடைத்த ஊரைச் செய்த ஊராக எழுதுவது

டென்மார்க்கின் ஃபேயோ தீவில் கிடைத்து, இன்று கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள வெள்ளிக் கோப்பை மேற்கு ஐரோப்பாவை ஆண்ட கரோலிங்கியப் பேரரசின் வேலைப்பாடு. மாஸ்கோ கிரெம்ளினில் சுவீடன் தூதர்கள் ஜார் மன்னர்களுக்குக் கொடுத்த வெள்ளி இருக்கிறது. அதில் கணிசமானது ஹாம்பர்க்கிலும் ஆக்ஸ்பர்க்கிலும் செய்தது. அட்டையில் 'செய்த இடம்', 'கிடைத்த இடம்', 'கொடுத்தவர்' மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள்.