கன்னா: செத்தது போலத் தெரியும் ஒரு செடியை வளர்த்துப் பக்குவம் செய்வது எப்படி?

என் வீட்டு பால்கனிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “அந்தத் தொட்டியில இருக்கறது செத்துப்போச்சே, இன்னும் ஏன் வெச்சிருக்கீங்க?” சாகவில்லை. கேப்டவுன் வெயிலில் இலை காய்ந்து சதை போய், நரம்புகள் மட்டும் வலைபோலச் செடியைச் சுற்றி நிற்கின்றன. விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தால் உள்ளே பச்சைக் குருத்து இருக்கும். எலும்புக்கூடு மாதிரி இருக்கும் இந்த வலையை வைத்துத்தான் தாவரவியலில் ஸ்கெலிட்டியம் டார்ச்சுவோசம் என்று பெயர் வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் புழங்கும் பெயர் கன்னா. ‘கண்ணா’ இல்லை, றன்னகரம்.

தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளான கோய்கோய், சான் மக்கள் மனம் லேசாகவும், பசி தாகம் தெரியாமல் நெடுந்தூரம் நடக்கவும், பல்வலிக்கும் காலம் காலமாக மென்றுவந்த செடி இது. பக்குவம் செய்த சரக்குக்கு ஆப்பிரிகான்ஸ் மொழியில் ‘கோவ்ஹூட்’ என்று பெயர், அதாவது மெல்லும் பொருள். டச்சுத் தளபதி சிமோன் வான் டெர் ஸ்டெல் 1685இல் செப்பு மலைகளைத் தேடி, நாட்டின் வடமேற்கில் இருக்கும் வறண்ட நமக்வாலாந்துக்குப் போனார். அந்தப் பயணக் குறிப்பில் இந்தச் செடியைப் பற்றியும் எழுதியிருக்கிறது. இந்தியர்களுக்கு வெற்றிலை பாக்கு எப்படியோ அப்படி இவர்களுக்கு இது, அக்டோபரில் பறிக்கிறார்கள், நாள் முழுக்க மெல்லுகிறார்கள் என்கிறது குறிப்பு. பயிரிட்டால் லாபம் பார்க்கலாம் என்றும் கூடவே ஒரு வரி. வியாபாரக் கண் எங்கே போகும்!

வெற்றிலை என்று படித்த பிறகுதான் எனக்கு இந்தச் செடிமேல் ஒட்டுதல் வந்தது. கடைவாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசிய என் ஆத்தாவுக்கு இதைக் காட்டியிருந்தால் ஒரு வாய் போட்டுப் பார்த்திருப்பார்.

முதலில், யாருக்கு இது வேண்டாம்

இதைக் கடைசியில் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்னாவில் இருக்கும் மெசெம்பிரின் என்ற ஆல்கலாய்டு (செடிகளில் இருக்கும் ஒரு வகை வேதிப்பொருள்), மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் மூளையில் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஃபுளுவாக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் செய்வதும் இதே வேலைதான். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் கன்னாவையும் சேர்த்தால் செரட்டோனின் அளவுமீறிப் போகலாம். உடல் நடுங்கும், காய்ச்சல் அடிக்கும், இதயம் படபடக்கும்; உயிருக்கே ஆபத்தாகலாம். “மூலிகைதானே” என்று மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது அதைவிட மோசம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு வேண்டாம். செடியில் ஆக்சலேட் நிறைய உண்டு என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்களும் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்தப் பட்டியலில் இருந்தாலும் செடியை வளர்க்கத் தடை இல்லை. பூ அழகாக இருக்கும், வளர்த்துப் பாருங்கள். பக்குவம் செய்யும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

படி 1: விதை

காட்டில் பார்த்தால் பிடுங்காதீர்கள். இங்கே அனுமதி இல்லாமல் பறிப்பது சட்டப்படி குற்றம், அதோடு இந்த அறிவுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். இதே செடியிலிருந்து செம்ப்ரின் என்ற சாற்றைத் தயாரிக்கும் நிறுவனம், சான் மக்களின் அமைப்பான சான் கவுன்சிலுடன் ஒப்பந்தம் போட்டு வருமானத்தில் ஒரு பங்கு தருகிறது. அதில் ஒரு பகுதி நமக்வாலாந்தில் பால்ஸ்ஹூக், நூரிவியர் ஊர்களுக்குப் போகிறது. நாம் செய்ய வேண்டியது சுலபம், உரிமம் உள்ள நாற்றங்காலில் விதையோ நாற்றோ வாங்கினால் போதும்.

ஊரிலிருந்து சிலர் “ஒரு கவர்ல போட்டு அனுப்புங்களேன்” என்று கேட்கிறார்கள். முடியாது. விதை இந்தியாவுக்குள் வர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும்.

படி 2: மண்

இரண்டு பங்கு கரட்டு மணல், ஒரு பங்கு சலித்த தோட்ட மண், ஒரு கைப்பிடி மக்கிய உரம். அவ்வளவுதான். ஊற்றிய தண்ணீர் நின்று பார்க்காமல் ஓட வேண்டும். மண் தொட்டி நல்லது, பிளாஸ்டிக் என்றால் அடியில் கூடுதலாக ஓட்டை போடுங்கள். கோகோபீட் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

படி 3: விதைப்பு

விதை கசகசா அளவுதான் இருக்கும், தும்மினால் போய்விடும். ஒரு ஸ்பூன் உலர்ந்த மணலோடு கலந்து, கோலப்பொடி தூவுவது போல மண்மேல் தூவுங்கள். மேலே மண் போட்டு மூடக் கூடாது. உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும்.

தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் வையுங்கள். மேல்மண் நிறம் கறுத்ததும் எடுத்துவிடுங்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடி, வெளிச்சம் படும் ஆனால் வெயில் சுடாத இடத்தில் வைத்து, தினம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டுங்கள்.

இங்கே ஏப்ரல், மே மாதங்கள் சரியான பருவம்; நம் ஊருக்கு நேர்மாறாக, இங்கே ஜூனில்தான் குளிர்காலம் தொடங்கும். கன்னாவின் சொந்த ஊரான நமக்வாலாந்து பக்கமெல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் மழை, செடி வளர்வதும் அப்போதுதான். சில விதை பத்து நாளில் முளைக்கும், சில ஒரு மாதம் கழித்து எட்டிப் பார்க்கும். முளைக்கவில்லையே என்று தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். நான் கொட்டியிருக்கிறேன்.

விதைக்குப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தண்டு நடவு. நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைத்து, அப்புறம் மணலில் குத்திவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

படி 4: சும்மா இருப்பது

தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் இதில் பெரிய வேலை. நம் கை சும்மா இருக்காது. காலையில் காபி டம்ளரோடு போய் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு என்று ஊற்றி, என் முதல் தொகுதி நாற்றுகள் அத்தனையும் அடி அழுகி ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இலை நான்கைந்து வந்ததும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். மேல்தோலில் சர்க்கரை ஒட்டியது போல மினுமினுக்கும். அவை நீர் சேமிக்கும் செல்கள். நம் ஊர் வயல் ஓரத்தில் கிடக்கும் சாரணைக் கீரையும் இதே குடும்பம்தான், இலையின் சதைப்பற்றில் சாயல் தெரியும்.

குளிர்காலத்தின் கடைசியில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ பூக்கும், இதழ்கள் நூல் நூலாக இருக்கும். காய் உலர்ந்த பின் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே நட்சத்திரம்போல விரியும். மழை வந்தால் மட்டும் விதையை வெளியே விடும் ஏற்பாடு இது. இதை என் மகளுக்குக் காட்டினேன், ஒரே மாலையில் எல்லாக் காயும் காலி.

அப்புறம் கோடை. செடி காய்ந்து நான் முதலில் சொன்ன எலும்புக்கூடு ஆகும். அந்த நரம்பு வலையைச் சுத்தம் செய்கிறேன் என்று உரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் குருத்துக்கு அதுதான் குடை. உரித்துவிட்டு இரண்டு செடியை இழந்தேன்.

படி 5: பறிப்பு

பழைய குறிப்பிலேயே மாதம் இருக்கிறது, அக்டோபர். மழை முடிந்து, இலை தடித்து, இன்னும் காயத் தொடங்காத சமயம். ஒரு வயதாவது ஆன செடியாக இருக்கட்டும். மரபில் வேரோடு சேர்த்தே எடுப்பார்கள். தொட்டியில் வளர்க்கிற நாம் மூன்றில் ஒரு பங்குத் தண்டையும் இலையையும் கத்தரித்தால் போதும், மிச்சம் துளிர்க்கும்.

படி 6: பையில் வியர்க்க வைப்பது

நமக்வாலாந்தில் செய்யும் முறை இது. பச்சைச் செடியை இரண்டு கற்களுக்கு நடுவே நசுக்குவார்கள். அந்தக் காலத்தில் தோல் பையிலும் சாக்குப் பையிலும் போட்டார்கள், பிறகு பிளாஸ்டிக் பைக்கு வந்தார்கள். நசுக்காமல் உலர்த்தினால் அதில் வீரியம் இருக்காது என்பது அந்த மக்களின் முடிவு. நொதிக்கும்போது ஆல்கலாய்டுகளின் விகிதம் மாறுகிறது என்று ஆய்வகமும் சொல்கிறது.

நான் அம்மிக்குழவியால் தட்டினேன். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும், நசுங்கினால் போதும். சாற்றை வடிக்காதீர்கள். கெட்டியான பையில் எல்லாவற்றையும் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்கிக் கட்டி வெயில் படும் இடத்தில் வையுங்கள். பகலில் பை உள்பக்கமாக வியர்க்கும், முத்து முத்தாக நீர் கோக்கும். இரவில் குளிரும். அப்படியே இருக்கட்டும், எடுத்து உள்ளே வைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்து, கிளறி, மறுபடி கட்டுங்கள். பச்சை போய்ப் பழுப்பாகியிருக்கும். புளித்த வாடை வரலாம். ஆனால் பஞ்சுபோல வெள்ளையோ கறுப்போ பூத்திருந்தால் பூஞ்சை, யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

எட்டாம் நாள் வெளியே எடுத்து, துணியில் பரப்பி, வடகம் காயவைப்பது போல வெயிலில் உலர்த்துங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். கிட்டத்தட்ட எல்லாம் நீர்தான் என்பதால் 400 கிராம் பச்சைக்கு எனக்கு 30 கிராமுக்கு மேல் தேறவில்லை. ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் வையுங்கள்.

அவசரக்காரர்களுக்கு அங்கே இன்னொரு முறையும் உண்டு. நெருப்பு மூட்டி மணலைச் சூடாக்கி, செடியை அதில் புதைத்து, ஒரு மணி நேரம் போல விட்டு எடுப்பது. பால்கனியில் முயன்று பார்க்க என் அடுக்குமாடிச் சங்கம் விடாது.

படி 7: வாயில்

மேலே சொன்ன எச்சரிக்கைகள் எதிலும் நீங்கள் வரவில்லை என்றால், ஒரு சிட்டிகையிலும் குறைவாக எடுத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து மெதுவாக மெல்லலாம். கசக்கும், நாக்கு லேசாக மரத்துப்போகும். முதல் முறை எனக்குக் கசப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறை, மாலையில், தோள்பட்டை இறுக்கம் தளர்ந்தது போல இருந்தது. அது கன்னாவா, எட்டு நாள் ஒரு பையைக் காவல் காத்த திருப்தியா என்று சத்தியம் பண்ணமாட்டேன். தெரியவில்லையே என்று மேலும் மேலும் போடாதீர்கள், தலைவலியும் குமட்டலும்தான் மிச்சமாகும். மதுவோடு சேர்க்காதீர்கள், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் சிறியவை. 2013இல் வந்த ஒன்றில் ஆரோக்கியமான 37 பேரைச் சேர்த்து, சிலருக்குத் தினம் 8 மில்லிகிராம், சிலருக்கு 25 மில்லிகிராம் சாறு என மூன்று மாதம் கொடுத்தார்கள், பெரிய தொல்லை இல்லை. அதே ஆண்டு இன்னொன்றில் 16 பேருக்கு ஒரே ஒரு முறை 25 மில்லிகிராம் கொடுத்து ஸ்கேனில் பார்த்தார்கள். பயமுறுத்தும் முகங்களைக் காட்டியபோது மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் துடிப்பு குறைந்திருந்தது. இரண்டிலும் கொடுத்தது ஆல்கலாய்டு அளவை நிர்ணயித்துத் தயாரித்த சாறு. நம் ஜாடியில் இருக்கும் தூளில் எது எவ்வளவு என்று செடிக்குச் செடி மாறும், அந்த மில்லிகிராம் கணக்கை வீட்டுச் சரக்குக்குப் போட முடியாது. வாரக்கணக்காகத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறவர்கள் ஜாடியைத் தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

என் ஜாடியில் இன்னும் பாதி இருக்கிறது. தொட்டி இப்போது முழு எலும்புக்கூடு. போன வாரம் வந்த நண்பர் வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டே, கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அதில் சாய்க்கப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன்.