பொது நூலகத்தில் புதிய சேவைகளைத் தொடங்குவது எப்படி?

நூல்களை இரவல் கொடுப்பதோடு பொது நூலகத்தின் பணி முடிந்துவிடுவதில்லை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இணைய வசதி, விண்ணப்ப உதவி, குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள், முதியோர் கூடிப் பேசும் இடம் எனப் பல பொறுப்புகள் அதன்மேல் வந்து சேர்ந்துள்ளன. அவற்றில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் நூலகர்களும் வாசகர் வட்டத்தினரும் தடுமாறுகின்றனர். வேறொரு நூலகத்தில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து வைப்பது எளிது. சில மாதங்களில் அதில் தூசி படிந்துவிடுவதும் வழக்கம்தான்.

ஆகவே, நூலகத்துக்கு வராதவர்கள் யார் என்று கண்டறிவதிலிருந்து தொடங்குங்கள். கருத்துப் பெட்டி இதற்கு உதவாது. அதில் எழுதிப் போடுபவர்கள் ஏற்கெனவே வருபவர்கள். வருகைப் பதிவேட்டையும் உறுப்பினர் பட்டியலையும் எடுத்து, எந்த வயதினர், எந்தப் பகுதியினர் விடுபட்டிருக்கின்றனர் என்று பார்த்தபின், அவர்கள் புழங்கும் இடங்களுக்கு நீங்களே சென்று பேசுங்கள். “நூலகத்தில் என்ன வேண்டும்?” என்று கேட்டால், “நல்ல புத்தகங்கள்” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். “அண்மையில் எந்த வேலைக்கு யாரைக் கேட்பதென்று தெரியாமல் திணறினீர்கள்?” என்று கேளுங்கள். இணையத்தில் மட்டுமே நிரப்பக்கூடிய படிவம், மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடமின்மை, கைப்பேசியில் வந்த செய்தி உண்மையா மோசடியா என்ற குழப்பம் என்று பதில்கள் வரும். திரும்பத் திரும்ப வருகிற பதிலே நீங்கள் முதலில் தொடங்க வேண்டிய சேவை.

புதியதைச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் தடைகளை நீக்குவது செலவு குறைந்த வழி. முகவரிச் சான்று இல்லாதவர் உறுப்பினராக முடிகிறதா, வேலை முடிந்து வருபவர் வந்துசேரும் நேரத்தில் நூலகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தாமதக் கட்டணத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். சிகாகோ பொது நூலகம் 2019இல் அதை நீக்கியபோது, நூல்கள் திரும்பி வருவது குறையவில்லை, நெடுநாள் வராமலிருந்த நூல்களும் கூடுதலாகவே திரும்பி வந்தன. அபராதத்துக்கு அஞ்சியவர்கள் நூலை மட்டுமன்றி நூலகத்தையும் தவிர்த்துவந்தனர் என்பதே இதற்குக் காரணமாகத் தோன்றுகிறது.

அடுத்தது இடப் பங்கீடு. 2018இல் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் திறக்கப்பட்ட ‘ஓடி’ (Oodi) நூலகத்தில் தையல் இயந்திரங்களும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் ஒரு தளத்திலும், நூல் அலமாரிகள் அதற்கு மேல் தளத்திலும் உள்ளன. ஒரே கூடம் மட்டும் உள்ள நூலகம் இடத்தைப் பிரிக்க முடியாவிட்டாலும் நேரத்தைப் பிரிக்கலாம்: கதை சொல்லலுக்கும் கூட்டங்களுக்கும் வாரத்தில் சில மணிநேரத்தை ஒதுக்கி, அதை வாசலிலேயே எழுதி வையுங்கள். மற்ற நேரங்களில் அமைதியைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். தேர்வுக்குப் படிக்க வருபவர்கள் சத்தத்தைப் பற்றி முறையிட மாட்டார்கள், சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அவர்களை இழந்து பெறும் கூட்டம் எனக்கு வளர்ச்சியாகப் படவில்லை.

படிவ உதவியில் எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது இன்றியமையாதது. பயனர் தம் கையாலேயே தட்டச்சு செய்யட்டும். ஊழியர் அருகிலிருந்து வழி காட்டினால் போதும். கடவுச்சொல்லை ஊழியர் கேட்கவோ குறித்துவைக்கவோ கூடாது. ஒவ்வொருவரும் கணினியை விட்டு எழுந்தவுடன் கணக்கிலிருந்து வெளியேறியாயிற்றா, பதிவிறக்கிய கோப்புகள் அழிக்கப்பட்டனவா என்று சரிபார்க்க வேண்டும். சட்டம், மருத்துவம் பற்றிய கேள்விகளுக்கு நம்பத்தக்க தகவல் எங்கே இருக்கிறது என்று காட்டலாமே தவிர, ஆலோசனை சொல்லும் வேலையை நூலகர் ஏற்கக் கூடாது. அத்தகைய தேவை மிகுந்தால், உரிய துறையினர் வாரத்தில் ஒரு நாள் நூலகத்துக்கு வந்து அமர ஏற்பாடு செய்யுங்கள். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் ஒரு சமூகப் பணியாளரையே அமர்த்திக்கொண்டது. எல்லா நூலகங்களுக்கும் அது இயலாது, ஆனால் ஒரு மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் ஒதுக்கித் தருவது இயலும்.

சுத்தியல், ஏணி போன்ற வேலைக் கருவிகளை இரவல் கொடுக்கும் திட்டமும் பலரைக் கவர்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நூலகம் 1979 முதலே இதைச் செய்துவருகிறது. பழுது பார்க்க ஆள் இல்லையென்றால் இதில் இறங்க வேண்டாம்.

எதைத் தொடங்கினாலும் நூல் வாங்கும் நிதியிலிருந்து அதற்குப் பணம் எடுக்காதீர்கள். பயனை இரவல் எண்ணிக்கையால் மட்டும் அளக்காமல், அன்றன்று கேட்கப்பட்ட கேள்விகளையும் தீர்ந்தவற்றையும், பெயர்களைத் தவிர்த்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த நிதிக் கோரிக்கைக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. நூலகம் வளரும் உயிரி என்று நூலக அறிவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931இல் விதியாகவே வகுத்தார். வளரும் உயிரி பழையதை உதிர்க்கவும் செய்யும். எனவே ஓராண்டாகியும் போதிய ஆள் வராத சேவையை நிறுத்தத் தயங்காதீர்கள். அதைப் பயன்படுத்திவந்த சிலருக்கு மட்டும், நிறுத்துவதற்கு முன்பே காரணத்தையும் மாற்று இடத்தையும் நேரில் சொல்லிவிடுங்கள்.